பரவாயில்லீங்க என்றொரு பக்கவிளைவு

மௌலீஸ்வரனின் பேக்கரி காலை பதினோரு மணி வாக்கில் மெல்லக் கிளம்பி இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் கண்ணாடி அலமாரி நகர்ந்தது. அதற்குள் இருந்த தேங்காய் பன்கள் வரிசை தப்பாமல் அதன் பின்னால் ஊர்வலம் போயின. பிறகு பாய்லர், பிறகு வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் கோபிசெட்டிபாளையம் கடைவீதி முழுவதும். சுவரில் மாட்டியிருந்த பச்சைமலை முருகன் மட்டும் சுற்றுக்கு ஒருமுறை எதிரே வந்து சிரித்துவிட்டுப் போனார். மௌலீஸ்வரன் விழாமல் இருக்கக் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டார். கல்லாவும் கிளம்பியது.

ஒரு வாரமாக இதே கூத்துதான். காலையில் இரத்த அழுத்தத்துக்கான புதிய மாத்திரையைப் போட்டுக்கொள்வார். பதினோரு மணிக்கு ராட்டினம் தொடங்கும். முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, நெற்றியில் வியர்வை பூத்ததும் அவரை இறக்கிவிட்டுப் போய்விடும்.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படி மைதாவாட்டம் வெளுத்துக் கெடக்குது?" என்று உள்ளே அடுப்பறையிலிருந்து எட்டிப் பார்த்தார் அவர் மனைவி பிரணிதா.

"பரவாயில்ல அம்மணி" என்றார் மௌலீஸ்வரன்.

அந்த ஒரு சொல்லால் வந்ததுதான் இந்தக் கதை.

மௌலீஸ்வரன், பிரணிதா என்பவை அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த இருவரின் பெயர்கள். அவர்கள் பிறந்த காலத்தில் குழந்தைகளுக்கு அப்படித்தான் வைத்தார்கள். இப்போது அவை கிழப்பெயர்களாகிவிட்டன. ஊருக்கு அவர் மௌலி அண்ணன். பிறர் மனம் நோகப் பேசத் தெரியாத மனிதர். ஒவ்வொரு நாளும் அடுப்பிலிருந்து வரும் முதல் பன்னை முருகனுக்கு வைப்பார், இரண்டாவது பன்னை அந்த நேரத்தில் கடை வாசலில் யார் பசியோடு நிற்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பார். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால், அவர் வாய் அவரைக் கேட்காமலே "பரவாயில்லீங்க" என்று சொல்லிவிடும். புயலில் கடைக்கூரை பறந்துபோய் அடுத்த தெருவில் விழுந்தபோதும் அதைத்தான் சொன்னார். பல் மருத்துவர் தவறான பல்லைப் பிடுங்கியபோதும், வாயில் பஞ்சோடு அதைத்தான் சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு எப்படிங்க?" என்று வருங்கால மாமனார் கேட்டபோதும் அதையே சொல்லித் தொலைத்தார். கல்யாணமான புதிதில் அதற்காகவே பிரணிதா அவருடன் பேசாமல் இருந்தது உண்டு.

அவருடைய 'பரவாயில்லீங்க'வுக்குள் ஆனந்தம் இருக்கும், உயிர் போகிற வலியும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பன் போல இருக்கும்.

மாத்திரை விவகாரத்தைச் சில வருடங்களுக்கு முன் அவருக்கு விளக்கியது டாக்டர் சஹானா. அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் தினமும் அவர் கடையில் டீ குடிப்பவர்.

"ஒரே டீயை நாலு பேர் குடிக்கறாங்க மௌலி அண்ணா. ஒருத்தருக்கு ராத்திரித் தூக்கம் போயிருது. இன்னொருத்தர் குடிச்ச கையோட போய்க் குறட்டை விடறாரு. டீ ஒண்ணுதான், உள்ள அதை உடைக்கற ஈரல் வேற வேற. எவ்வளவு வேகமா உடைக்கணும்னு ஈரலுக்குச் சொல்றது அப்பா அம்மா குடுத்த மரபணு. மருந்துக்கும் அதே கதைதான்."

"அப்ப என்ர ஈரல் எப்படிங்க டாக்டரம்மா?"

"உங்களை மாதிரியேதான். எதுக்கும் அவசரப்படாது. காலையில போட்ட மருந்தைச் சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாத்துட்டு இருக்கும்."

"அதும் பாவம், பொறுமையாச் செய்யட்டுங்க."

"செய்யட்டும். ஆனா உங்களுக்கு எந்த மருந்து எவ்வளவு குடுக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? இதே ஈரல் இருக்கற இன்னொரு ஆளைப் பிடிக்கணும். பிடிச்சாச்சு. தூத்துக்குடியில இருக்காங்க."

அந்த ஏற்பாட்டைச் செய்துவந்தது மருந்துப் பொருத்த வாரியம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்த நாட்டில், மாத்திரைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொருத்தம் பார்த்து ஆட்களை இருவர் இருவராக இணைத்தார்கள். புதிய மருந்தை ஒருவர் முதலில் சாப்பிடுவார். அவர் உடம்பு சொல்லும் பதிலை வைத்து மற்றவருக்கு அளவு தீர்மானமாகும். வாரியம் இவர்களுக்கு 'மருந்தியல் இணையர்' என்று பெயர் வைத்தது. ஜனங்கள் 'மாத்திரைப் பங்காளி' என்று மாற்றிக்கொண்டார்கள்.

தொடக்கத்தில் பெரிய ரகளை. தன் வீட்டுக் கிணற்றடிக்கு யாரை விட மறுத்தாரோ அந்த வீட்டுப் பையனே தனக்குப் பங்காளி என்று தெரிந்ததும், வேறு பங்காளி கேட்டு மனுப் போட்ட மிராசுதார் உண்டு. வாரியம் அவருக்குச் சொன்ன பதில் சுருக்கமானது: உங்கள் ஈரல் சம்மதிக்கவில்லை. அடுத்த வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முன்பே காய்ச்சல் கண்டு தேறியிருந்த அந்தப் பையன் சொன்ன குறிப்பை வைத்துத்தான் அவருக்குச் சரியான ஊசி போட்டார்கள். பிழைத்து எழுந்த மிராசுதார், ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். கடவுள் மனிதர்களைத் திருத்த எத்தனையோ வழி வைத்திருக்கிறார். அவற்றில் காய்ச்சலும் ஒன்று.

மௌலீஸ்வரனின் பங்காளி ஜெபஷைனி. நாற்பத்தைந்து வயது. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்ப்பவர். முதல்முறை தொலைபேசியில் பேசியபோதே காற்று ஓவென்று இரைந்தது.

"சத்தமா பேசுங்க அண்ணாச்சி, நான் காத்தாடி மண்டையில உக்காந்திருக்கேன். சிக்னல் இங்கனதான் நல்லாக் கெடைக்கும்" என்றார் அவர்.

ஜெபஷைனி குறை சொல்வதில் வஞ்சனை வைக்காதவர். தலைவலி மாத்திரை கசந்தால் கசந்தது, வயிறு பொருமினால் பொருமியது, கனவில் செத்துப்போன பெரியப்பா வந்தால் அதையும் வாரியத்திடம் சொல்லிவிடுவார். அதுவரை வந்த மருந்துகளை எல்லாம் முதலில் சாப்பிடும் முறை அவருக்கே வாய்த்ததால், மௌலீஸ்வரனுக்கு வந்து சேர்ந்த மருந்துகள் ஒவ்வொன்றும் வெண்ணெயாய் இறங்கின. அது ஏன் என்று அவர் யோசித்ததில்லை. முருகன் அருள் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் தப்பில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜெபஷைனி தூத்துக்குடி மக்ரூன் ஒரு டப்பா அனுப்பினார், தன் கையால் முட்டை வெள்ளைக்கருவை அடித்து, முந்திரி பொடித்துப் போட்டுச் செய்தது. மௌலீஸ்வரன் ஒன்றை வாயில் போட்டார். அது பனி போலக் கரைந்தது. தொழில் தெரிந்த மனிதர் என்பதால் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜெபஷைனி போன் போட்டு, "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"பரவாயில்லீங்க தங்கச்சி."

எதிர்முனையில் போன் பட்டென்று வைக்கப்பட்டது. தூத்துக்குடியில் அந்தச் சொல்லுக்கு, ஏதோ போனால் போகிறது என்று பொருள். அன்றிலிருந்து ஜெபஷைனி அவர் போனை எடுப்பதில்லை.

இந்தப் புதிய இரத்த அழுத்த மாத்திரைதான் மௌலீஸ்வரன் முதலில் சாப்பிட நேர்ந்த முதல் மருந்து. தினமும் மாலை வாரியத்தின் குரல் அழைக்கும். பேசுவது இயந்திரம்தான். ஆனால் யாரோ வீட்டுப் பெண் நாள் முழுக்க உழைத்துக் களைத்து, இருந்தும் சிரித்த முகமாகப் பேசுவது போல அதற்குக் குரல் வைத்திருந்தார்கள்.

"வணக்கம் ஐயா. இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

"பரவாயில்லீங்க."

"தலைசுற்றல், வாந்தி, மயக்கம் ஏதேனும் உண்டா?"

"அதெல்லாம் பரவாயில்லீங்க கண்ணு."

"மிக்க மகிழ்ச்சி ஐயா."

அந்த மகிழ்ச்சியைக் கேட்டபின் அந்தப் பெண்ணிடம் போய்த் தன் தலைசுற்றலைச் சொல்லி அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வெளியூர் போயிருந்த டாக்டர் சஹானா திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தன் பதில் இன்னொருவர் மாத்திரைக்கு அளவாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை நினைக்கவில்லை, அவ்வளவுதான். நல்லவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இப்போது, கல்லா சுற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் சட்டைப் பையில் போன் ஒரு தரம் சிணுங்கியது. எழுத்துகளும் சுற்றின. ஒவ்வொரு சொல்லாக, அது எதிரே வரும்போது பிடித்துப் பிடித்துப் படித்தார்.

'உங்கள் இணையர் ஜெபஷைனி அவர்கள் இன்று காலை இம்மருந்தை முழு அளவில் தொடங்கினார். ஒரு வாரமாகத் தெளிவான பதில்கள் அளித்ததற்கு வாரியம் உங்களுக்கு நன்றி கூறுகிறது.'

மௌலீஸ்வரனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. அரசாங்கம் அவருக்கு நன்றி சொல்வது அதுதான் முதல் தடவை. பிறகு, 'ஜெபஷைனி' என்ற பெயர் இன்னொரு சுற்று சுற்றி எதிரே வந்தபோது, காற்று இரைந்தது ஞாபகம் வந்தது. காத்தாடி மண்டை. அதே ஈரல். அதே மாத்திரை. அதே பதினோரு மணி.

"முருகா" என்றார்.

வாரியத்துக்குப் போன் போட்டார்.

"வணக்கம் ஐயா. இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

"பரவாயில்லீங்க."

"மிக்க மகிழ்ச்சி ஐயா." இணைப்பு அறுந்தது.

மௌலீஸ்வரன் போனைப் பார்த்தார். தன் வாயைத் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். மறுபடியும் போட்டார். இந்தத் தடவை எதிர்முனை வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மணி, அவசரமுங்க. ஒரு ஆள் உசுரு."

"உங்கள் அவசரம் புரிகிறது ஐயா. உடனே உதவுகிறேன். அதற்கு முன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

"பரவாயில்லீங்க, அது இல்லீங்க, நான் சொல்ல வந்தது..."

"மிக்க மகிழ்ச்சி ஐயா."

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பனியன் வியாபாரி ஒருவர், மௌலி அண்ணன் தன் வாயில் தானே அறைந்துகொள்வதை இரண்டாம் தடவையாகப் பார்த்துவிட்டு, டீயைக் கீழே வைத்தார்.

ஜெபஷைனிக்குப் போட்டார். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டார். இம்முறை மணி அடிக்கும் முன்பே துண்டிக்கப்பட்டது. மூன்று வருடக் கோபம் அவ்வளவு லேசில் இறங்காது. மௌலீஸ்வரன் கண்ணை மூடினார். மூடினால் இன்னும் வேகமாகச் சுற்றும் என்பது நினைவு வந்து திறந்துகொண்டார். முருகன் எதிரே வந்து சிரித்துவிட்டுப் போனார். சுற்றி அடுத்த தடவை வருவதற்குள் அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. குரல்பதிவாக ஒன்றை அனுப்பினார்.

"தங்கச்சி, அந்த மக்ரூன் விசயமாப் பேசணுமுங்க."

நினைத்தபடியே போன் உடனே அலறியது.

"என்ன, மூணு வருசம் கழிச்சு நாக்குல ருசி வந்துட்டாக்கும்? நான் கேக்கேன், ஒரு மனுசி கையொடிய முட்டை அடிச்சு அனுப்புனா, அதைப் பரவாயில்லன்னு சொல்லலாமா? எங்க வீட்டு நாயி கூட அப்படிச் சொன்னதில்ல." பின்னணியில் காற்று.

"தங்கச்சி, இப்ப எங்கீங்க இருக்கறீங்க?"

"எங்க இருப்பேன்? காத்தாடி மேலதான். மேல்மூடியத் தெறந்து வச்சுப் பழுது பாத்துட்டு இருக்கேன்."

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே. போடாம? உங்க பதிலைப் பாத்துட்டுதான் தைரியமாப் போட்டேன். ஒரு வாரமா ஒரு கொறையும் இல்லன்னு எழுதியிருக்கு. இந்த ஒரு விசயத்துலயாவது உருப்படியா இருந்தீயளேன்னு நெனச்சேன். ஆமா, நீங்க எப்படி இருக்கீய?"

மௌலீஸ்வரனின் வாய் பழக்கப்படி திறந்தது. "பர" வரைக்கும் வந்துவிட்டது. அவர் பல்லைக் கடித்தார். அறுபது வருடப் பழக்கம் நாக்கின் நுனியில் வந்து நின்று, வழிவிடு என்று தள்ளியது. பேக்கரி, கடைவீதி, கோபி, முருகன் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் இரண்டு கையாலும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதைச் சொன்னார்.

"நான் நல்லா இல்லீங்க."

உள்ளே அடுப்பறையில் ஒரு தட்டு நிறைய பன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிரணிதா வாசல்படியில் வந்து நின்றார். கை முழுக்க மாவு. முப்பது வருடமாக அந்த மனிதர் வாயிலிருந்து வராத சொல்.

"ஏனுங்க" என்றார் பிரணிதா. "என்னங்க சொல்றீங்க? ஐயோ, நெஞ்சு வலிக்குதா? யாராச்சும் வாங்களே."

யாராச்சும் எல்லாரும் வந்தார்கள். பனியன் வியாபாரி வந்தார், எதிர்க்கடைப் பாத்திரக்காரர் வந்தார், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். மௌலி அண்ணன் நல்லா இல்லையாம் என்ற செய்தி கடைவீதியில் ஓடிய வேகத்துக்கு, அடுத்த தெருவில் ஒருவர் பூக்கடையில் சாவு மாலைக்கே சொல்லிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

மௌலீஸ்வரன் யாரையும் பார்க்கவில்லை. ஒருமுறை திறந்த மடையை அவரால் அடைக்க முடியவில்லை. "தலை கிறுகிறுன்னு சுத்துதுங்க தங்கச்சி. ஒரு வாரமாச் சுத்துது. மாத்திரை போட்டா பதினோரு மணிக்குச் சுத்துது. முட்டியும் வலிக்குதுங்க, அது பத்து வருசமா. எடது தோள்பட்டை தூக்க முடியறதில்ல. அந்தப் பல்லு டாக்டர் தப்பான பல்லைப் புடுங்கிட்டாருங்க, அதையும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. கல்யாண நாளுக்கு மச்சான் வாங்கிட்டு வந்த செருப்பு கடிக்குதுங்க, அவரு மனசு நோகுமேன்னு போட்டுட்டே இருக்கறேன்."

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க. உங்களுக்குக் கோட்டி புடிச்சிட்டா? தலைசுத்துதுன்னா அதை மொதல்லயே..." ஜெபஷைனியின் குரல் நின்றது. காற்று மட்டும் இரைந்தது. மறுபடி பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. "அண்ணாச்சி. நான் மேல ஏறுறதுக்கு முன்ன பிரேக் போட்டேன். எறக்கை சுத்தாது. சுத்தக் கூடாது."

"ஆமாங்க."

"சுத்துதே அண்ணாச்சி."

கடைக்குள் நின்றவர்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மௌலீஸ்வரனுக்குப் புரிந்தது. அந்தக் கணத்தில் அவர் முகத்திலிருந்த கலவரம் எல்லாம் போய்விட்டது என்று பிரணிதா பிற்பாடு பலரிடம் சொன்னார். எத்தனையோ நாள் தவறாமல் அடுப்பைக் கையாண்ட மனிதரின் நிதானம் வந்துவிட்டது. இந்தச் சுற்று அவருக்குத் தெரிந்த சுற்று.

"தங்கச்சி, கேளுங்க. நின்னுட்டு இருந்தா உடனே உக்காருங்க. உக்காந்திருந்தா படுத்துக்குங்க. கொக்கி மாட்டியிருக்குதுங்களா?"

"மாட்டியிருக்கு."

"இன்னொரு கொக்கியும் இருந்தா மாட்டிக்குங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க. நகராதது ஏதாச்சும் ஒண்ணையே பாருங்க."

"எல்லாம் நகருது அண்ணாச்சி. மலையே நகருது."

"அப்ப என்ர குரலையே கேட்டுட்டு இருங்க. கீழ ஆள் இருக்கறாங்களா?"

"ரெண்டு பேரு நிக்காங்க. விசில் ஊதுதேன்."

விசில் சத்தம் கோபிசெட்டிபாளையம் வரைக்கும் கேட்டது. மௌலீஸ்வரன் காத்திருந்தார்.

"இனிமேட்டு காதுல ரீங்காரம் வருமுங்க. வண்டு மாதிரி. பயப்படாதீங்க."

"வந்துட்டு" என்றார் ஜெபஷைனி.

"அடுத்து நாக்கு வறளும். தண்ணி வெச்சிருக்கறீங்களா? ஒரு வாய் மட்டும் குடிங்க. அப்புறம் ஒரு பெரிய சுத்து வரும். அதுதான் கடைசி பெரிய சுத்து. அது வரப்ப நானும் உங்களோட சுத்திட்டு இருப்பேன். தனியா இருக்கறதா நெனைக்காதீங்க."

"வருது அண்ணாச்சி. வருது. கர்த்தாவே."

"முருகா" என்றார் மௌலீஸ்வரன்.

கோபியில் ஒரு கல்லாவையும் கயத்தாற்றில் ஒரு இரும்புக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, ஒரே ஈரல் வாய்த்த இருவர் ஒரே நேரத்தில் சுற்றினார்கள். அந்த இருவரும் கூப்பிட்ட பெயர் வேறாக இருந்தாலும், கேட்டவர் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"இப்ப நெத்தி வேக்கும்" என்றார் மௌலீஸ்வரன், தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

"வேக்குது."

"வேர்த்துருச்சுன்னா முடியப் போகுதுன்னு அர்த்தமுங்க. நம்ம ஒடம்பு அப்படி."

நம்ம ஒடம்பு என்று அவர் சொன்னதைப் பிரணிதா கேட்டார். மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் போனில் வேறு குரல்கள் கேட்டன. கீழே நின்ற இருவரும் ஏறி வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "யக்கா, யாருட்ட பேசுதீய?" என்று கேட்டார். "என் பங்காளிகிட்ட" என்று சொன்னார் ஜெபஷைனி. பிறகு போனை வாய்க்கருகே கொண்டுவந்து, "அண்ணாச்சி, மக்ரூன் எப்படி இருந்துச்சு? உண்மையச் சொல்லணும்" என்றார்.

"ஏழு தடவை செஞ்சு பாத்தனுங்க தங்கச்சி. எனக்கு வரவே இல்ல. முருகனுக்கு வெக்காமயே மொதல்ல நான் தின்னுபோட்ட பலகாரம் அது ஒண்ணுதான்."

எதிர்முனையில் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் சஹானா ஊருக்குத் திரும்பியதும் இருவருக்கும் மாத்திரையைக் கால் பங்காகக் குறைக்கச் செய்தார். ராட்டினம் நின்றது. பிறகு வாரியத்துக்கு நடந்ததை எல்லாம் சொன்னார். அங்கிருந்து திரும்பி வந்த செய்தியோடு ஒரு மாலை கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மௌலி அண்ணா, நம்ம பக்கத்து ஜனங்களுக்கு எந்த மருந்தும் எதுவுமே செய்யறதில்லன்னு வாரியத்துல ரொம்ப நாளா ஆச்சரியப்பட்டுட்டு இருந்தாங்களாம். இந்த ஊர் மரபணுவுல ஏதோ விசேசம் இருக்குதுன்னு ஒரு குழுவே போட்டு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

"விசேசம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு. ஈரல்ல இல்ல, நாக்குல. தலைசுத்துது, வாந்தி வருது, கால் வீங்குதுன்னு எல்லாத்தையும் உள்ள வெச்சுட்டு எல்லாரும் பரவாயில்லீங்கன்னு சொல்லியிருக்காங்க. இப்ப ஒவ்வொருத்தரையா மறுபடி கேக்கறாங்க."

கேட்ட விதமும் மாறியது. அன்று மாலை வந்த குரல், "வணக்கம் ஐயா. பரவாயில்லை என்று சொல்லாமல், இன்று உங்களுக்கு இருக்கும் ஒரு குறையைச் சொல்லுங்கள்" என்றது. மௌலீஸ்வரன் வெகுநேரம் யோசித்தார். அந்தப் பெண் காத்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. கடைசியில், "முட்டி கொஞ்சம் வலிக்குதுங்க" என்றார். "சொன்னதற்கு நன்றி ஐயா" என்றது குரல். அது மிக்க மகிழ்ச்சியைவிட நன்றாக இருந்தது.

பிரணிதா தன் பங்குக்கு வீட்டில் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் வீட்டிலோ கடையிலோ யார் 'பரவாயில்லை' என்று சொன்னாலும், ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துவிட வேண்டியது. பால்காரர் ஒரு தடவையும், கோயில் குருக்கள் ஒரு தடவையும் அதைக் குடித்தார்கள். குருக்களுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாராம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜெபஷைனி கோபிக்கு வந்தார். கையில் மக்ரூன் டப்பா. பேச்சுக்குப் பேச்சு குறை. பஸ்ஸில் சீட் முள்ளாய்க் குத்தியது, ஈரோட்டுக் காப்பி தண்ணீராக இருந்தது, இந்த ஊர் வெயில் ஒரு வெயிலா. மௌலீஸ்வரன் ஒவ்வொன்றையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். இத்தனை வருடமாகத் தன் உடம்பைக் காத்தது இந்தப் புலம்பல்தான் என்று டாக்டர் சஹானா சொல்லியிருந்தார். பழைய மருந்து ஒவ்வொன்றிலும் ஜெபஷைனி பட்ட கஷ்டம்தான் இவருக்கு அளவாக வந்திருக்கிறது. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த தேங்காய் பன்னில் ஒன்றை முருகனுக்கு வைத்துவிட்டு, அடுத்ததைத் தட்டில் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

ஜெபஷைனி பிட்டு வாயில் போட்டார். சூடாக இருந்தது. தேங்காயும் ஏலக்காயும் சர்க்கரையும் உருகி இறங்கின. மென்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எப்படிங்க தங்கச்சி இருக்குது?" என்றார் மௌலீஸ்வரன், பயத்தோடு.

குறை சொல்வதற்கென்றே பிறந்த அந்த வாய் ஏதோ சொல்லத் தேடியது. கிடைக்கவில்லை. கடைசியில் கோபிக்காரர்கள் போலவே குனிந்து, குழைந்து, அவர் சொன்னார்.

"பரவாயில்லீங்க."

மௌலீஸ்வரன் முகம் மலர்ந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே நாற்காலி இழுபடும் சத்தமும், அவசரமாக எலுமிச்சை நறுக்கும் சத்தமும் கேட்டன.